பதினேழு அரியரும் ஒரு தங்கப் பதக்கமும்

என் பிரிவு உபசார விழாவில் நீங்கள் எல்லோரும் "மேடம், நாலு வார்த்தை பேசுங்க" என்று கேட்டீர்கள். நான் சமோசாவைத் தின்றுவிட்டு, தொண்டை சரியில்லை என்று நழுவிவிட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. மைக்கைப் பிடித்தால் நான் ரொம்ப நல்லவளாகப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்ற பயம்தான். புதிதாகக் கவுன்சலர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் நல்ல குணங்களால் பைசா பிரயோஜனம் கிடையாது. நான் சொதப்பிய கதைதான் உதவும். அதனால் வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாக எழுதுகிறேன்.

ஊசி, மருந்து, ஸ்கேன் பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு ஆள் இருக்கிறார்கள். எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு நம் வாயையே பார்க்கும்போது என்ன சொல்வது, என்ன சொல்லாமல் இருப்பது என்பதுதான் நம் பிழைப்பு.

நம் கருத்தரிப்பு மையம் அம்பத்தூரில் ஓர் இனிப்புக் கடையின் மாடியில் இருப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நான் சேர்ந்த புதிதில் எனக்கு அது வசதியாகத்தான் தோன்றியது. ரிசல்ட் நல்லபடியாக வந்தால் இறங்கியதும் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சேர்ந்த மூன்றாவது நாள், இரண்டாவது முறையும் சிகிச்சை கைகூடாத ஒரு பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேசி, தேற்றி, முன்பக்கப் படி வழியாக அனுப்பிவைத்தேன். கடைக்காரர் பாசக்கார மனிதர். மாடியிலிருந்து யார் இறங்கினாலும் வாய் நிறைய விசாரிப்பார். "இன்னாம்மா, எத்தினி கிலோ போட?" என்று அவளிடமும் கேட்டுவிட்டார். அவள் கதறிய சத்தம் மாடி வரை கேட்டது.

மையத்தை நடத்தும் டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு கதவைத் திறந்து காட்டினார். பின்பக்கப் படி. அடுத்த தெருவில் போய் இறங்கும். "நீ பேசினதெல்லாம் சரி. அவங்க எந்த வழியா வெளிய போறாங்கன்னும் பாரு" என்றார். அன்றிலிருந்து அந்தக் கதவின் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. இப்போது உங்களிடம் இருக்கிறது. தொலைத்துவிடாதீர்கள்.

இந்தப் பாடத்தை மூன்றாவது நாளே கற்றுக்கொண்டேன். அடுத்ததைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதிரில் வந்து உட்காருகிறவர்கள் படித்தவர்களாக இருந்தால் என் குரலே மாறிவிடும். இரண்டு பேரும் முதுகலை என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, படம் வரைந்து விளக்குவேன். படிக்காதவர்கள் என்றால் "டாக்டரம்மா சொல்ற மாதிரி செய்யுங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று முடித்துவிடுவேன். வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் செய்தேன். படித்த ஜோடிகள் முப்பத்தெட்டு, நாற்பது வயதில் வந்து நிற்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இப்படித் தள்ளிப்போட்டுவிட்டார்களே என்று.

அந்தச் சமயத்தில் என் மகளும் தன் பங்குக்கு ஒரு குண்டைப் போட்டிருந்தாள். பள்ளியில் எல்லாப் பாடத்திலும் முதல் வந்தவள். கல்யாணமான இரண்டாவது வருடம், "எங்களுக்குக் குழந்தை வேண்டாம்மா, யோசிச்சுதான் சொல்றோம்" என்று சொல்லிவிட்டாள். நான் விடுவேனா? "உன்ன மாதிரி புத்திசாலியே பெத்துக்கலேன்னா வேற யாருடி பெத்துப்பா?" என்று போனில் தினமும் பிராணனை வாங்கினேன். "அம்மா, சென்டருக்கு வர்றவங்ககிட்ட பேசற மாதிரி என்கிட்ட ஒரு நாள் பேசேன்" என்றாள். எனக்கு உறைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மையத்துக்கு ஒரு முதலாளி வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்து, பிறகு சொந்தமாகத் தொழிற்சாலை வைத்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன மனிதர். படிக்க முடியாமல் போன சிலருக்குப் படித்தவர்கள் மேல் ஒரு பக்தி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த பக்தி இவரிடம் வழிந்தது. குழந்தைக்காகக் காத்திருக்கும் எட்டு ஜோடிகளின் சிகிச்சைச் செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை.

"அறிவாளிங்களா இருக்கணும் மேடம். படிச்சதுங்க எல்லாம் ஒண்ணோட நிறுத்திக்குதுங்க, இல்லன்னா ஒண்ணுமே வேணாங்குதுங்க. இப்படியே போனா இன்னும் அம்பது வருஷம் கழிச்சு இந்த நாட்ல ஒரு நல்ல மிஷின் டிசைன் பண்ண யார் இருப்பா? நல்ல பார்ட் வேணும்னா நல்ல இரும்பு போடணும் இல்லையா?"

நான் தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பணம் கொடுக்கிறவர் என்பதற்காக ஆட்டவில்லை. என் மகளை நினைத்துக்கொண்டு மனதார ஆட்டினேன். டாக்டரம்மா மட்டும், "எட்டு பேருக்கு வழி பொறக்குது, சந்தோஷம். ஆனா யாருக்குன்னு முடிவு பண்றது நாமதான்" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பப் படிவம் தயாரிக்கும் வேலையை என்னிடம் விட்டார். எனக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. நான் அதை முதலாளியின் ஹெச்.ஆர். மேலாளர் முரளியிடம் தள்ளிவிட்டேன்.

மறுநாள் படிவம் வந்தது. 'அறிவுச் செல்வம் திட்டம்' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே படித்தால், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், பட்டப்படிப்பு சதவீதம், மொத்தம் எத்தனை அரியர், பாக்கியுள்ள அரியர் எத்தனை. முரளி கல்லூரிகளுக்குப் போய் வேலைக்கு ஆள் எடுக்கும் படிவத்தில் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார். கடைசிக் கேள்வியைக்கூட எடுக்க மறந்துவிட்டார். 'இரவு ஷிஃப்டில் பணிபுரியச் சம்மதமா?'

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துவிட்டு, அதையே ஐம்பது பிரதி எடுத்து வெளியே வைத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அது ஆபத்தில்லாதது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்த ஒரு வாரம் நம் மையம் கல்லூரி அட்மிஷன் நடக்கும் இடம் மாதிரி ஆகிவிட்டது. லேமினேட் செய்த சான்றிதழ்களோடு ஜோடி ஜோடியாக வந்தார்கள். ஒருவர் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த சான்றிதழைக் கொண்டு வந்தார். ஒரு பெண் மூன்றாம் வகுப்பில் ஓவியப் போட்டியில் வாங்கிய பரிசை இணைத்திருந்தாள். இரவு ஷிஃப்ட் கேள்விக்கு ஒருவர் விடாமல் 'சம்மதம்' என்று எழுதியிருந்தார்கள். குழந்தை பெற்றவர்கள் எல்லோரும் அதைச் செய்துகொண்டுதானே இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் டில்லிபாபுவும் சுகந்தியும் இருந்தார்கள். எங்களுக்குப் பழக்கமான ஜோடி. சுகந்தி விழுப்புரம் பக்கம். புள்ளியியலில் முதுகலை, பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம், எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. டில்லிபாபு அயனம்பாக்கத்துக்காரர், லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய ஆபீஸ் லிஃப்டைப் பழுதுபார்க்கப் போய், காதலாகி, கல்யாணம் செய்துகொண்டவர்கள். பொறியியல் படித்தவர்தான். பதினேழு அரியர் வைத்து, ஒவ்வொன்றாக எழுதி எழுதித் தேறியவர்.

சிக்கல் சுகந்தியின் உடம்பில். டில்லிபாபுவின் பரிசோதனை முடிவு வந்த அன்று, "இன்னாக்கா, பாஸா ஃபெயிலா?" என்று பயந்துகொண்டே கேட்டார். எல்லாம் பிரமாதமாக இருக்கிறது என்றேன். "பாத்தியா சுகந்தி! வாழ்க்கைல மொத தபா ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிக்கீறேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஹாலில் அப்படி ஒரு சிரிப்பு அடிக்கடி கேட்காது. அவர் வந்தாலே கேட்கும். காரணம் இருக்காது, மனிதர் சிரிப்பார், பக்கத்தில் இருப்பவரையும் சிரிக்க வைத்துவிடுவார்.

இருந்ததையெல்லாம் போட்டு ஒரு முறை சிகிச்சை செய்து பார்த்து, அது கைகூடவில்லை. பின்பக்கப் படி வழியாக நான்தான் கூட்டிப்போனேன். இன்னொரு முறை செய்ய அவர்களுக்கு வசதியில்லை. இந்தத் திட்டத்தை விட்டால் அவ்வளவுதான். அரியர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள் என்று நானே ஜாடை காட்டினேன். "வேணாங்கா. பொய் சொல்லி வாங்கிகினு, நாளைக்கு அது மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?" என்று, 17 என்று பெரிதாக எழுதினார். பதக்கம் காப்பாற்றும் என்று நினைத்து நான் எட்டில் ஒன்றாக அவர்கள் பெயரையும் சேர்த்துவிட்டேன்.

தேர்வானவர்களை நேரில் பார்க்க முதலாளி ஒரு நாள் காலையில் வந்தார், முரளியோடு. டாக்டரம்மா அறுவை அரங்கில் இருந்தார். மையத்தின் சார்பில் நான் மட்டும். டில்லிபாபுவும் சுகந்தியும் என் அறையில் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். சுகந்தியின் பதக்கப் புகைப்படத்தைப் பார்த்ததும் முதலாளிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு கணவருடைய பக்கத்தைத் திருப்பினார். விரல் அந்த 17-இன் மேல் போய் நின்றது. அப்புறம் என் பக்கம் திரும்பி, யாருக்கோ நல்லது செய்கிற குரலில் கேட்டார்.

"ஏன் மேடம், வேற நல்லா படிச்ச ஒருத்தர்கிட்டேருந்து உயிரணு வாங்கி வெக்கற வழி இருக்காமே. இந்தப் பொண்ணு தங்கம். அதை ஏன் வீணாக்கணும்? அப்படிச் செய்ய முடியுமா?"

டில்லிபாபு சிரித்த முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். என் மண்டைக்குள் மற்ற ஏழு ஜோடிகள் வரிசையாக வந்து நின்றார்கள். இவரைக் கோபப்படுத்தினால் அவர்கள் கதி என்ன? ஒரு விநாடிதான். நான் வாயைத் திறந்து சொன்னேன்.

"மருத்துவ ரீதியா முடியும் சார்."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். தகவலில் தப்பில்லை. இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை என் வேலைக் காலத்தில் நான் சொன்னதில்லை.

டில்லிபாபு எழுந்தார். "யோசிச்சு சொல்றோம் சார்" என்றார், மரியாதையாக. சுகந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் வெளியே போனார்கள். நான் பின்னால் ஓடினேன். ஸ்டோர் ரூம் கதவு அன்றைக்குச் சுத்தம் செய்வதற்காகத் திறந்திருந்தது. நான் காட்டாமலே, அவர்களாகவே பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கையுறையைக் கழற்றியபடியே கேட்டார். "முடியுமான்னு அவர் கேட்டார், முடியும்னு நீ சொன்ன. செய்யலாமான்னு யாராவது கேட்டாங்களா?"

"மத்த ஏழு பேரை நெனச்சு பயந்துட்டேன் டாக்டர்."

"பயந்தது தப்பில்ல. பயத்துல அந்தப் பையனைத் தூக்கிக் குடுத்தது தப்பு. போன் பண்ணாத. நேர்ல போ."

அந்த ஃபார்மோடு வரும் உதவி நமக்கு வேண்டாம் என்று முதலாளிக்கு அன்றைக்கே அவர் சொல்லியனுப்பிவிட்டார். மற்ற ஏழு ஜோடிகளுக்கு விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு பெண் போனிலேயே, "உங்க நியாயம் தர்மத்துக்கு நாங்கதான் கெடைச்சோமா?" என்று பிடித்து விளாசினாள். அவள் கேட்டதும் நியாயம்தான். நல்ல முடிவு எடுத்தால் எல்லோரும் கைதட்டுவார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து அயனம்பாக்கம் போனேன். ஏரிப் பக்கம் ஒரு மாடி வீடு. சுகந்தி உள்ளே லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தாள். டில்லிபாபு மொட்டை மாடியில் அவளுடைய சுடிதார்களை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த கிளிப்பை எடுத்தார்.

"வாக்கா. டீ சாப்புட்றியா?"

"டில்லிபாபு, நேத்து நான் சொன்னதுக்கு..."

"உடுக்கா. பதினேழையும் கிளியர் பண்ட்டேன்னு அவராண்ட ஒரு வார்த்த நீ சொல்லியிருக்கலாம். அது ஒண்ணுதான் எனக்கு வர்த்தம்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். கொடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அரியர் இன்னா ரத்தத்துலயாக்கா கீது? தெரியல. அவ மட்டும் சரின்னு சொல்லியிருந்தா நானும் சரின்னுருப்பேன். ஆறு வர்சமா ஏங்கிகினு கீறா. கொழந்த எப்பிடி வந்தா இன்னா? நான்தான வளக்கப் போறேன்."

பின்னால் சுகந்தி வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"இதுதான் மேடம் எனக்குக் கோவம்" என்றாள். கண் சிவந்திருந்தது. "இவரு சரின்னு சொல்லிடுவாருன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நேத்து நான் வாயே தெறக்கல. தெறந்தா அழுதுடுவேன். எங்கப்பா அஞ்சாங்கிளாஸ். எங்கம்மா கைநாட்டு. அவங்கள யாரும் மார்க் கேட்டுட்டு என்னைப் பெத்துக்கச் சொல்லல. வேற வழியில போய்ப் பெத்துக்கறவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், அது அவங்க விருப்பம். ஆனா நான் புத்திசாலிக் கொழந்த கேட்டு உங்ககிட்ட வரல மேடம். இவரு காரணமே இல்லாம சிரிப்பாரு பாருங்க, அந்த மாதிரி சிரிக்கிற ஒண்ணு எனக்கு வேணும். அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடணும்?"

மன்னிப்புக் கேட்டேன். இதற்கு முன்னால் பலரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், மரியாதைக்காக. அன்றைக்குத்தான் அழுதுகொண்டு கேட்டேன். டில்லிபாபு பதறிப்போய் ஈரத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதற்கு அவரே சிரித்தார். அந்த வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இதுவே சினிமாவாக இருந்தால் அடுத்த காட்சியில் முதலாளி லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பார், டில்லிபாபு வந்து காப்பாற்றியிருப்பார். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததே நல்லது. ஒரு மனிதன் அப்பாவாவதற்கு யாரையும் லிஃப்டிலிருந்து காப்பாற்றிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

நடந்தது இதுதான். மூன்று நாள் கழித்து முரளி தனியாக வந்தார். டை இல்லை, கோப்பு இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், அந்த ஃபார்ம்ல அரியர் கட்டத்தை எடுத்துடலாமா?"

"ஃபார்மே இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே. இப்ப ஏன் கேக்கறீங்க?"

கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு நாலு அரியர் மேடம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆச்சு. எங்களுக்கும் குழந்தை இல்ல. திட்டம் வந்ததும் என் வொய்ஃப் அவ்வளவு சந்தோஷப்பட்டா. அவகிட்ட எப்படிச் சொல்றது, நான் போட்ட ஃபார்ம்லயே நான் அவுட்டுன்னு? அன்னிக்கு டில்லிபாபு முகத்தைப் பார்த்ததுலேருந்து தூக்கம் இல்ல."

சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "இதை என்கிட்ட சொல்லி என்ன பண்ண? உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க" என்றேன். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். சரி, நானும் வருகிறேன் என்று கிளம்பினேன்.

தொழிற்சாலையில் முதலாளியின் அறைக் கண்ணாடி வழியாக மிஷின்கள் ஓடுவது தெரிந்தது. முரளி நின்றுகொண்டே, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலா?"

"நாலு சார்."

"எதுல?"

"மேத்ஸ்ல ரெண்டு..."

"மேத்ஸா! அடப்பாவி, பதினொரு வருஷமா உன் லீவு கணக்கையா நான் நம்பிக்கிட்டு இருக்கேன்?" என்று கத்தினார். நானே சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "ஏண்டா, தினமும் என்கூட உக்காந்து சாப்புடற. குழந்தைக்கு ஏங்கறேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஃபார்ம்ல அதுக்கு எடம் இல்ல சார்" என்றார் முரளி. கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

முதலாளி கண்ணாடிப் பக்கம் திரும்பி மிஷின்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "நான் நல்லதுதானே மேடம் நெனச்சேன்? அறிவாளிங்க பெருகணும்னு நெனைக்கறது தப்பா?"

இந்த முறை நான் அவசரப்படவில்லை. "நெனைக்கறது தப்பில்ல சார், நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா வாசல்ல நின்னுக்கிட்டு ஒருத்தரை மட்டும் நீங்க வாங்கன்னு கூப்பிட்டா, பக்கத்துல நிக்கறவரைப் போகச் சொன்ன மாதிரி ஆயிடுது. அன்னிக்கு அந்தப் பையன் முகத்துல அதைப் பார்த்தோம். அது மட்டுமில்ல. இந்தத் திட்டத்துல பொறக்கற குழந்தை கண்ணத் தெறக்கறதுக்கு முன்னாடியே ஒரு பரீட்சையில உக்காந்திருக்கும். அது மக்கா இருந்தா என்ன பண்றது? திருப்பி அனுப்புவோமா?"

"சேச்சே" என்றார்.

"படிச்ச பொண்ணுங்க பெத்துக்கணும்னு உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தா ஒண்ணு செய்யுங்க. உங்க டிசைன் செக்‌ஷன்ல ரெண்டு பொண்ணுங்க பிரசவத்துக்கு அப்புறம் வேலையை விட்டுட்டாங்கன்னு முரளி வர்ற வழியில சொன்னார். இங்க ஒரு குழந்தைகள் காப்பகம் வையுங்க. ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு மட்டும் இல்ல, கீழ பெருக்கறவங்களுக்கும் சேர்த்து. வேணும்னு நெனைக்கறவங்க பெத்துப்பாங்க. வேணாம்னு நெனைக்கறவங்களை விட்டுடுவோம்."

கடைசி வரியைச் சொல்லும்போது எனக்கே என் குரல் வேறு மாதிரி கேட்டது. அன்று வீட்டுக்குப் போய் மகளுக்குப் போன் செய்தேன். குழந்தை பேச்சே எடுக்கவில்லை. இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் ஊர்க் கதை பேசினோம். "என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

முதலாளி பிடிவாதக்காரர், ஆனால் கல் இல்லை. படிவம் போனது, காப்பகம் வந்தது. மருத்துவத் தேவையும் காத்திருந்த வரிசையும் பார்த்து டாக்டரம்மாதான் தேர்ந்தெடுப்பார் என்று ஒப்புக்கொண்டார். எட்டு ஒன்பதானது, ஒன்பதாவது முரளியும் அவர் மனைவியும். டில்லிபாபுவைத் தேடிப் போய், "தம்பி, அன்னிக்கு நான் கேட்டது தப்பு" என்றார். "உடு சார், எக்ஸாம்ல இத்தவிட மோசமான கொஸ்டினெல்லாம் பாத்துகீறேன்" என்றாராம் அவர். ஒரு விஷயத்தில் மட்டும் முதலாளி மசியவில்லை. பிறக்கிற குழந்தைகளின் ரேங்க் கார்டை வருடா வருடம் அனுப்ப வேண்டும் என்றார். பேரம் பேசி, விருப்பப்பட்டவர்கள் ஏதோ ஒரு காகிதம் அனுப்பலாம், எதை அனுப்புவது என்பது பெற்றவர்கள் இஷ்டம் என்று முடித்தேன்.

எல்லோருக்கும் கைகூடியது என்று எழுத ஆசைதான். இல்லை. முரளிக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு முறையும் அமையவில்லை. போதும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். "இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே" என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. போதும் என்கிறவர்களிடம் போதும் என்பதைக் கேட்டுக்கொள்வதும் நம் வேலைதான். அவர்கள் இப்போது அந்தக் காப்பகத்துக்குச் சனிக்கிழமை தோறும் போய்க் கதை சொல்கிறார்கள்.

சுகந்திக்குத் திட்டத்தின் முதல் முறை கைகூடவில்லை. அடுத்த முறை கைகூடியது. பெண் குழந்தை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு மத்தியானம் முன்பக்கப் படியில் தடதடவென்று சத்தம். சுகந்தி ஒரு கையில் ஜாங்கிரிப் பெட்டியும் இன்னொரு கையில் பள்ளி டைரியுமாக மேலே வந்தாள். மூச்சு வாங்கியது. பின்னால் டில்லிபாபு, தோளில் எல்.கே.ஜி. சீருடையோடு அந்தக் குட்டி. முதலாளிக்கு இந்த வருடம் அனுப்ப வேண்டிய காகிதம் கிடைத்துவிட்டது, முதலில் எனக்குக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன் என்றாள் சுகந்தி. குட்டி ஏதோ பரிசு வாங்கியிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடியை மாட்டினேன். சிவப்பு மையில் வகுப்பு ஆசிரியை எழுதி, பெற்றோர் கையெழுத்து கேட்டிருந்தார்.

'தங்கள் மகள் வகுப்பில் காரணமில்லாமல் சிரிக்கிறாள். பக்கத்தில் உள்ள பிள்ளைகளையும் சிரிக்க வைக்கிறாள். கண்டிக்கவும்.'

கீழே பெற்றோர் கையெழுத்துக்கான கோட்டில் சுகந்தி முழுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் எம்.எஸ்சி., தங்கப் பதக்கம் என்று போட்டிருந்தாள்.